மூவாயிரம் வாய்க்கு ஒரு டம்ளர்

இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவளைப் பார்த்து, "அத்தை, நீங்க தீனி ஜாஸ்தி போடுறீங்க" என்று ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. சொன்னவள் என் மருமகள். தீனி, அவள் வளர்த்த மீன் குஞ்சுகளுக்கு.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம். கை அதைவிடத் தாராளம். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்று அளவு உண்டு. அந்த அளவை நான் மதிக்காமல் இல்லை. ஆனால் தட்டை ஏந்திக்கொண்டு ஒரு பிள்ளை என் முகத்தையே பார்த்து நின்றால், கரண்டி தானாக இன்னொரு முறை அண்டாவுக்குள் போய்விடும். "வாயைத் தொறந்தா பசி. அதுக்கு மேல சட்டம் ஏது?" என்று சமையல் உதவியாளரிடம் சொல்வேன். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கை சும்மா இருக்கவில்லை. காக்கைக்கு, பூனைக்கு, கிரிவலம் போகிற வழியில் எங்கள் வாசலில் தண்ணீர் கேட்கிறவர்களுக்கு என்று எதையாவது போட்டுக்கொண்டே இருந்தேன். இந்த ஊரில் அதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பத்தடிக்கு ஒரு பந்தல் போட்டு, கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு போடுகிற ஊர் இது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டுக்குப் பின்னால் ஒரு பண்ணைக் குட்டை. வேர்க்கடலைக்குத் தண்ணீர் தேக்க என் வீட்டுக்காரர் வெட்டியது. கடலை போடுவதை விட்ட பிறகு குட்டையில் தவளைதான் குடித்தனம் இருந்தது. அவருக்கு அதை மண் போட்டு மூடி, பௌர்ணமிக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் வருகிற வண்டிகளை நிறுத்த இடமாக்க வேண்டும் என்று ஆசை. அவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். "தீபத்தன்னிக்கு வண்டியைத் திருப்ப எடம் இல்லாம முப்பது வருசம் அல்லாடிக்கிறேன். எனக்குத்தான் தெரியும் அந்த வலி" என்பார். மனிதர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

மருமகள் செஞ்சிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். என் மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். அவனோடு ஓசூருக்குப் போனால் ஒற்றை அறையில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். இங்கே இருந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் குட்டைக் கரையில் நின்று, "மாமா, இதுல குஞ்சு வுட்டு வளர்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் உடனே தலையை ஆட்டவில்லை. குட்டையை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு வலது கையை நீட்டி நடுவிரலைக் காட்டினார்.

"என் விரல் நீளம் ஒரு மீனு காட்டு. தீபத்துக்குப் பதினஞ்சு நாளு முன்னாடி நானே கையை வுட்டு ஒண்ணு எடுப்பேன். விரலைத் தாண்டி இருந்தா குட்டை உன்னுது. இல்லன்னா மண்ணு கொட்டிடுவேன். அப்பால அழக் கூடாது."

"அந்தப் பருவத்துக்குப் பேரே விரலிதான் மாமா. விரல் நீளம் வந்தா விரலி."

"யாரு விரலுன்னு பேருல சொல்லலியே. இது டிரைவர் விரலு" என்றார். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து அவர் விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய்.

குட்டை போனால் அவள் ஓசூருக்குப் போய்விடுவாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் எனக்கு வாய்த்த ஒரே பேச்சுத் துணை அவள்தான். வீட்டுக்காரரோடு பேசலாம்தான், ஆனால் அவர் நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் "ரைட்டு" என்று மட்டும்தான் சொல்வார்.

ஆவணியில் குஞ்சுகள் வந்தன. காற்று ஊதிய பிளாஸ்டிக் பைகளில் தண்ணீரோடு மூவாயிரம் குஞ்சுகள், கட்லாவும் ரோகுவும். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அதற்கு முன்பே அவள் குட்டையில் சாணியைக் கரைத்துவிட்டுத் தண்ணீரைப் பச்சையாக்கி வைத்திருந்தாள். அந்தப் பச்சையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்குமாம். குஞ்சுகளுக்கு அதுதான் தாய்ப்பாலாம். அதற்கு மேல் நாம் போடுகிற தீனி. கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி. புண்ணாக்கு சதை வைக்க, தவிடு தெம்புக்கு, கூடவே ஒரு சிட்டிகை தாது உப்பு. என் மாவுச் சல்லடையை எடுத்துப் போய் எல்லாவற்றையும் சலித்தாள்.

"ரவை அளவு இருந்தாக்கூட அதுங்க வாய்க்குப் பாறாங்கல்லு அத்தை" என்றாள்.

அது வரைக்கும் எனக்குச் சரிதான். அதன் பிறகு அவள் ஒரு டம்ளரை எடுத்து, அதில் தலை தட்டி மாவை அளந்து, "இது இன்னிக்கு முழுக்க. காலையில பாதி, சாயங்காலம் பாதி" என்றாள் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, மூவாயிரம் வாய்க்கு ஒரு டம்ளரா? ஒரே ஒரு புள்ளைக்கு நூறு கிராம் போட்டவம்மா நானு!"

"புள்ளையை எண்ணிப் போடுறது ஸ்கூல்ல. இங்க எடையைப் பாத்துப் போடணும். மூவாயிரத்தையும் சேர்த்து நிறுத்தா ஒரு கிலோ, ஒண்ணேகால் கிலோ இருக்கும். அதுல பத்துல ஒரு பங்கு, நூத்துச் சொச்சம் கிராமு. அவ்ளோதான்."

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பத்து நாளைக்கு ஒரு முறை அவள் எடை பார்ப்பாள். தராசில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து எடையைக் குறித்துக்கொள்வாள். வலையில் ஐம்பது குஞ்சை அள்ளி அதில் விட்டால், ஏறுகிற எடைதான் குஞ்சுகளின் எடை. அதை வைத்து மொத்தக் குட்டைக்கும் பெருக்கி, தீனியை நிர்ணயிப்பாள். குஞ்சாக இருக்கும்போது தன் எடையில் பத்தில் ஒரு பங்கு தின்னுமாம். வளர வளர அந்தப் பங்கு குறைந்துகொண்டே வருமாம். உடம்பு பெருகுவதால் மொத்தத் தீனி மட்டும் ஏறும். நான் விளையாட்டாக, "அப்ப நானு பத்துல ஒண்ணு தின்னா ஒரு நாளைக்கு ஏழு கிலோ சோறும்மா" என்றேன்.

"நீங்க பெரிய மீனு அத்தை. உங்களுக்கு நூத்துல ரெண்டு போதும்" என்றாள். வாய்க் கொழுப்பைப் பாருங்கள். ஆனால் நான் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் எனக்குப் பதிலுக்குப் பதில் சொல்ல ஆள் கிடைத்ததே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

குட்டையில் நான்கு கயிறு கட்டிய ஒரு தட்டு இறக்கியிருந்தாள். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு தீனியைப் பிசைந்து உருண்டையாக அதில் வைத்து இறக்குவாள். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பாள். தட்டு காலியாக இருந்தால் அளவு சரி. மீதி இருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். சாயங்காலத் தட்டில் அடிக்கடி மீதி இருந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கணக்காசிரியை மாதிரி நெற்றியைச் சுருக்குவாள்.

"எடைக்கு இவ்ளோ தின்னணுமே. ஏன் வெச்சிடுது?"

எனக்குத் தெரியும் ஏன் என்று. காலையில் அவள் கோலம் போடுகிற நேரத்தில் நான் போய் இரண்டு கை தவிடு வீசிவிட்டு வருவேன். அதைக் கண்டுபிடித்த அன்றுதான், "அத்தை, நீங்க தீனி ஜாஸ்தி போடுறீங்க" என்று சொன்னது. கையும் களவுமாக, முந்தானையில் தவிட்டோடு நின்றேன். தின்னாமல் விட்டது அடியில் கிடந்து அழுகும், அழுகினால் தண்ணீர் கெடும் என்று பொறுமையாகச் சொன்னாள். இனிமேல் போடுவதில்லை என்று அண்ணாமலையாரைப் பார்த்துக் கையெடுத்துச் சத்தியம் செய்தேன். மலை எங்கள் பின்வாசலில்தான் நிற்கிறது. சத்தியம் செய்ய எங்கேயும் போக வேண்டியதில்லை.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஆனாலும் சாயங்காலத் தட்டில் மீதி இருந்துகொண்டுதான் இருந்தது. அவள் என்னைப் பார்ப்பாள். நான் மலையைப் பார்ப்பேன்.

ஐப்பசி வந்தது. தீனி ஏறி, காலையில் மூன்று டம்ளர், சாயங்காலம் மூன்று டம்ளர் ஆகியிருந்தது. குஞ்சுகள் என் ஆள்காட்டி விரலுக்கு வந்துவிட்டன. டிரைவர் விரலுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவள் தங்கைக்கு வளைகாப்பு. மூன்று நாள் செஞ்சிக்குப் போக வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் டம்ளரைக் கொடுத்தாள்.

"வேளைக்கு மூணு டம்ளர், அத்தை. அதுக்கு மேல வேணாம். மழை மூட்டமா இருந்தா அதையும் போடாதீங்க. ஒரு நாளு பட்டினி கெடந்தா மீனு சாவாது."

"போம்மா, பத்திரமா போயிட்டு வா. நானு பாத்துக்கிறேன்" என்றேன். என் வாயால் சொன்ன வார்த்தை அது.

முதல் நாள் வானம் தெளிவாக இருந்தது. வேளைக்கு மூன்று டம்ளர், தலை தட்டி. மறுநாள் ஐப்பசிப் பௌர்ணமி. விடிகாலையிலிருந்தே மூட்டம், மலை உச்சி கண்ணிலேயே படவில்லை. மழை மூட்டமாக இருந்தால் போடாதே என்று அவள் சொன்னது நினைவிருந்தது. போடாமல் திரும்பத்தான் நினைத்தேன். ஆனால் குட்டை ஓரத்தில் பத்துப் பதினைந்து குஞ்சுகள் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டி, திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வட்ட வட்டமாகச் சின்ன வாய்கள். இதுவரை அப்படி நான் பார்த்ததில்லை.

என் மனசு கேட்குமா? தட்டை ஏந்திக்கொண்டு நின்ற அத்தனை பிள்ளைகளும் கண் முன்னால் வந்துவிட்டார்கள். 'ஐயோ, கொழந்தைங்களுக்குப் பசி' என்று மூன்று டம்ளர் போட்டேன். போட்டும் வாயை மூடவில்லை. இன்னும் இரண்டு டம்ளர் போட்டேன்.

அன்றைக்கு அன்னாபிஷேகம். ஐப்பசிப் பௌர்ணமியில் சிவனுக்குச் சோற்றையே சாத்துவார்கள். எங்கள் தெருக்கோடிச் சின்னக் கோயிலில் மத்தியானமே முடித்துவிடுவது வழக்கம். லிங்கத்தின் மேலே சாத்திய அன்னத்தை மனிதர்கள் சாப்பிடுவதில்லை. நீரில் கரைத்து மீன்களுக்கு விட வேண்டும். மற்ற வருஷங்களில் ஊர்க் குளத்தில் கரைப்பார்கள். அந்த வருஷம் குளத்தைத் தூர் வாரச் சேறாக்கி வைத்திருந்தார்கள். நான்கு மணிக்குக் கோயில்காரர் ஒரு பெரிய கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் பின்வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, உங்க குட்டையில மீனு இருக்குதாமே. சாமி அன்னம். இங்க கரைச்சிடட்டுமா?"

நான் என்ன சொல்வேன்? ஐயனின் தலைமேல் இருந்த சோறு. காலையிலிருந்து பசி பசி என்று வாயைத் திறக்கிற குஞ்சுகள். அந்தச் சோறே என் வாசல் தேடி வந்து நிற்கிறது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. "தாராளமா கரைங்க சாமி" என்று நானே செருப்பைக் கழற்றிவிட்டு, கூடையை ஒரு பக்கம் பிடித்து இறக்கினேன். பத்துப் படிச் சோறு இருக்கும். வெள்ளை வெளேரென்று தண்ணீரில் இறங்கிக் கரைந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மூவாயிரம் உயிருக்கு ஒரே நாளில் வயிறார அன்னதானம் செய்தவள் இந்த ஊரில் வேறு யார் என்றுகூட நினைத்தேன். திமிர்தான். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் குட்டைக்குப் போனேன். பத்து வாய் இல்லை, பதினைந்து வாய் இல்லை. குட்டை முழுக்க வாய். கரையிலிருந்து கரைவரைக்கும் மூவாயிரம் குஞ்சுகளும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தண்ணீரில் புளித்த வாடை. அப்போதும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? 'இவ்ளோ போட்டும் பசி அடங்கலியே' என்று உள்ளே போய் டம்ளரை எடுத்தேன்.

நல்ல காலம், அந்த நேரத்தில் அவள் போன் செய்தாள்.

"அத்தை, அங்க மூட்டமா? தீனி போடலதானே?"

"அத ஏம்மா கேக்குற. எல்லாம் மேல வந்து ஆ ஆன்னு வாயைத் தொறக்குது. பசி தாங்கல. இப்பத்தான் போடப் போறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து அலறினாள்.

"அத்தை, போடாதீங்க! அது பசி இல்ல அத்தை. மூச்சு. தண்ணியில காத்து இல்ல. மூச்சு வாங்க வந்து நிக்குது. மாமாவை எழுப்புங்க. கெணத்து மோட்டாரைப் போட்டு தண்ணியை மேல பீச்சி அடிங்க. குட்டையை அடிச்சிக் கலக்குங்க. நானு வந்துட்டே இருக்கேன்."

டம்ளர் என் கையிலிருந்து விழுந்தது. இருபத்தெட்டு வருஷம் நான் நம்பிய சட்டம் அது. வாயைத் திறந்தால் பசி. மூச்சுத் திணறுகிற பிள்ளையின் வாயில் நான் சோற்றைத் திணித்திருக்கிறேன். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று பள்ளிக்கூடச் சமையலறைச் சுவரில் எழுத வைத்தவளே நான்தான். சுவரில் எழுதினது சுவரோடு போயிற்று.

"ஏங்க! எழுந்து வாங்க! கொழந்தைங்க செத்துடும்போல இருக்குது!" என்று போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் லுங்கியை மடித்துக் கட்டியபடியே ஓடி வந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. மோட்டாரைப் போட்டார், குழாயின் வாயில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துத் தண்ணீரை மழையாகச் சிதறடித்தார். நான் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். பழைய வேட்டியை இரண்டாக மடித்து, ஓரத்தில் ஒதுங்கிப் புளித்துக் கிடந்த சோற்றை வாரி வாரிக் கரையில் கொட்டினேன். பிறகு அவரும் இறங்கினார். இரண்டு பேரும் தென்னை மட்டையால் தண்ணீரை அடித்தோம். அறுபதைத் தாண்டின இரண்டு பேர் காலை ஏழு மணிக்குக் குட்டையில் நின்று தண்ணீரை அடிப்பதை, தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுப் பக்கம் ஒதுங்கின கிரிவலக் கூட்டம் நின்று பார்த்துவிட்டுப் போனது. ஒருவர் கும்பிட்டுவிட்டும் போனார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்.

வாரிக் கொட்டின சோற்றை ஒதுக்கும்போதுதான் பார்த்தேன். சோற்றோடு ஊறிப்போன பொரி. ஒன்று இரண்டு இல்லை, கை கையாக.

"அன்னாபிஷேகத்துல பொரி ஏதுங்க?" என்றேன்.

அவர் மட்டையை இன்னும் வேகமாக அடித்தார். "காத்துல வந்துருக்கும்."

"காத்துல பொரியா?"

"சாயங்காலம் நடக்கப் போறப்ப ஒரு கை வாங்கிப் போடுவேன்மே. ஒரே ஒரு கை. என்னைக் கண்டா கரைக்கு வருது. இன்னா பண்ணச் சொல்ற?"

சாயங்காலத் தட்டில் ஏன் மீதி இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மண் போட்டு மூடப்போகிற மனிதர், கல்நெஞ்சக்காரர் மாதிரி விரலை நீட்டிக் காட்டின மனிதர், தினமும் போய் ஒளித்து ஒளித்துப் பொரி போட்டிருக்கிறார்! அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு உடனே அழுகையாகிவிட்டது.

வெயில் ஏறின பிறகு வாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பத்தரைக்கெல்லாம் அவள் வந்துவிட்டாள். வளைகாப்பு வளையல் கை நிறையக் குலுங்க, பையைக்கூட இறக்காமல் நேராகக் குட்டைக்கு. கரையில் ஒரு முறம் நிறையச் செத்த குஞ்சுகள். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். முன்னூறுக்கு மேல் இருந்தன. எண்ணி முடித்துத் தண்ணீரைப் பார்த்தாள், சோற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அவர் கேட்டார்: "எப்பிடிம்மா ஆச்சி?"

"மூட்டம் மாமா. வெயில் இல்லன்னா தண்ணியில காத்து கொறைஞ்சிடும். நானு இருந்திருக்கணும். என் தப்புதான்" என்றாள்.

எனக்கு மனசு தாங்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் தன் குட்டையைத் தானே தூக்கிக் கொடுக்கிறாள்! "மூட்டமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்று கத்தினேன். "நான்தான் போட்டேன். அஞ்சு டம்ளர் போட்டேன், பத்தாததுக்குச் சாமி அன்னத்தை வேற கொட்டினேன். அவ போடாதேன்னு சொல்லிட்டுத்தான் போனா. குட்டையை மூடுறதுன்னா என் தலை மேல மண்ணைப் போடுங்க, அவ தலை மேல போடாதீங்க."

பொரியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. தொண்டையை மட்டும் கனைத்துக்கொண்டு, "ரைட்டு. சொன்ன வாய்தா சொன்னதுதான். அன்னிக்குப் பாக்கலாம்" என்று போய்விட்டார்.

அதன் பிறகு இரண்டு நாள் தீனியே கிடையாது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு டம்ளர், அப்புறம் ஒன்றரை. தினமும் கொஞ்சம் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டாள். தட்டைத் தூக்கிப் பார்க்கிற வேலையை என்னிடமே கொடுத்தாள். கொடுத்தபோது ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகக் குத்தியது. சாயங்காலத் தட்டு ஒவ்வொரு நாளும் துடைத்து வைத்த மாதிரி காலியாக வந்தது. அவர் நடைப்பயிற்சிக்கு வேறு வழியாகப் போக ஆரம்பித்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கை நமநமவென்று இருந்திருக்கும். சும்மா இருப்பதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை.

ஆனால் அந்த ஒரு வாரம் குஞ்சுகள் வளரவில்லை. வாய்தா நாளுக்கு முந்தின நாள் அவள் எடை பார்த்தாள். அன்றைக்கு அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைப்பதைப் பார்த்தேன். ஓசூருக்கு.

வாய்தா நாள் காலையில் அவர் பொக்லைன் வண்டியையும் வரச் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னபடி நிற்கிற மனிதர் இல்லையா! வண்டிக்காரர், குட்டையை மூடக் கொட்டி வைத்திருந்த மண் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் வலையை இழுத்தாள். வலைக்குள் வெள்ளி வெள்ளியாகக் குதித்தன. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுத்தார். ரோகு. எடுத்து, ஈர உள்ளங்கையில் கிடத்தி, அதன் வாலை நடுவிரலின் அடியில் வைத்து நீட்டிப் பிடித்தார்.

நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மருமகள் இந்தப் பக்கம். மீனின் மூக்கு விரலின் மேல் கணுவைத்தான் தாண்டியிருந்தது. நுனிக்கு ஒரு நகத்தின் அளவு பாக்கி. என் ஐந்து டம்ளரும் அவருடைய பொரியும் சேர்ந்து தின்ற நகத்தளவு அது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மீன் அவர் கையில் வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூச்சு வாங்குதும்மே" என்றார் மெதுவாக. அப்படிச் சொல்லிக்கொண்டே நடுவிரலின் நுனியை லேசாக உள்ளே மடக்கினார். மீனின் மூக்கு விரலைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

"பாத்துக்கினியாப்பா?" என்று வண்டிக்காரரிடம் கையைக் காட்டினார். "விரலைத் தாண்டிடுச்சி. சொன்னா சொன்னதுதான். வண்டியைத் திருப்பிக்கினு போ. பாத்துத் திருப்பு, பின்னாடி எடம் கம்மி."

குனிந்து, மீனைத் தண்ணீரில் விட்டார். அது ஒரு சுழி போட்டு உள்ளே போனது. வண்டி போன பிறகு மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"மாமா, விரலுக்கு இன்னா ஆச்சி?"

"வயசாயிடுச்சில்லம்மா. முழுசா நீட்ட வரல" என்றார்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அதே விரலை முழுசாக, நேராக நீட்டி, கரையில் இருந்த டம்ளரைக் காட்டினார்.

"இன்னாம்மே வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற? அதுங்களுக்குத் தீனி நேரம். தலை தட்டிப் போடு."